சொல்லாமல் விட்ட மருந்து

"வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று பாசல் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். முதல் ஆளுக்குச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் இடித்தது. ஏழாவது ஆளுக்குச் சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரித்தான் இருந்தது.

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. மனைவி கலாவும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் கோயிலிலும் தமிழ்க் கடையிலும் என்னைக் காண்கிற சனம், "அண்ணை, அந்த ஈரான் பொம்பிளையின்ரை மருந்து குடிச்சுத்தானே உங்களுக்கு இப்பிடி வந்தது?" என்று இன்னமும் இரக்கப்பட்டுக் கேட்கிறது. நான் பிடிகொடுக்காமல் எதையோ சொல்லிவிட்டு மரக்கறிப் பக்கம் போய்விடுகிறேன். வெட்கக்கேடு. ஒவ்வொருவராக மறித்துவைத்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அதனால் எல்லாருக்குமாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஐம்பத்துநான்கு வயது. சுவிஸில், பாசல் நகரத்தில், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பகுதியில் இருபது வருடமாக வேலை. வெளியே போகிற ஒவ்வொரு தொகுதி மருந்திலும் மாதிரி எடுத்து, நிறுத்து, கரைத்து, மெஷினில் விட்டு, அதற்குள் இருக்க வேண்டியது இருக்கிறதா, இருக்கக் கூடாதது இல்லையா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது என் தொழில். ஈயம், பாதரசம் எல்லாம் நாங்கள் தினமும் தேடுகிற ஆட்கள்தான். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, பரிசோதனைத் தாள் இல்லாத எதையும் தொடாதே என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். அப்போதுதான் என் புத்தியின் அளவு தெரியும்.

இலையுதிர்காலத்தில் வயிற்றுவலி தொடங்கியது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திடீரென்று யாரோ குடலை ஈரத்துணி மாதிரிப் பிழிவார்கள், பத்து நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள். மலம் ஒழுங்காகப் போகவில்லை. வாயில் எந்நேரமும் சில்லறைக் காசைச் சப்பியது போல ஒரு ருசி. வீட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. எங்கள் குடும்ப வைத்தியர் வயிற்று அமிலத்துக்கு ஒரு குளிசை தந்தார், பிறகு மலம் இளக ஒரு தூள் தந்தார். வேலையில் அழுத்தமோ என்று கேட்டார். ஓம் என்றேன். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று யார் சொல்வார்கள்?

அந்த வைத்தியரின் கிளினிக்கில் பின்பக்க அறை ஒன்றை, கிழமையில் இரண்டு பின்னேரத்துக்கு, மஹ்நாஸ் என்ற ஈரானியப் பெண் வாடகைக்கு எடுத்திருந்தார். பாரசீக மரபு மருத்துவம். கலா ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளோடு நிற்கிற ஒருத்திக்கு மஹ்நாஸிடம் போன பிறகு நல்ல நித்திரை வருகிறதாம். "போய்த்தான் பாருங்கோவன், என்ன குறைஞ்சா போகப்போறியள்" என்று கலா தள்ளிவிட்டாள். அடிப்படை மருத்துவக் காப்புறுதி இதற்குக் காசு கட்டாது என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

மஹ்நாஸ் ஷிராஸில் மருத்துவம் படித்தவர். டொக்டர் ஆன பிறகு மரபு மருத்துவத்தில் தனியாக இன்னொரு பட்டமும் எடுத்திருக்கிறார். அங்கே பல்கலைக்கழகத்திலேயே அதற்கு ஒரு துறை உண்டாம். காலையில் ஆஸ்பத்திரி வார்ட்டு, பின்னேரம் மரபு மருத்துவப் பிரிவு என்று இரண்டிலும் வேலை பார்த்தவர். இங்கே வந்தபோது அவருடைய டொக்டர் பட்டம் செல்லவில்லை. காலையில் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வயதானவர்களைக் குளிக்க வார்க்கிற வேலை, இரண்டு பின்னேரம் இந்த அறை. அந்த அறை மட்டும்தான் தன்னை இன்னும் வைத்தியராக வைத்திருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் முக்கால் மணித்தியாலம் கேள்வியே கேட்டார். நாலு விரலை வரிசையாக வைத்து நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். அவர்களுடைய கணக்கில் ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு இயல்பு இருக்கிறது, அதை மிஸாஜ் என்கிறார்கள். சூடா குளிரா, ஈரமா வறட்சியா என்று பார்ப்பது. அந்த ஆளின் சொந்த இயல்பிலிருந்து உடம்பு விலகினால் வருத்தம். மருந்துக்கு முதல் ஆறு விஷயங்களைச் சரிபார்ப்பார்களாம்: காற்று, சாப்பாடு, நித்திரை, உடல் அசைவு, உள்ளே தங்குவதும் வெளியே போவதும், மனம். எங்களிடமும் பப்பாசி சூடு, இளநீர் குளிர் என்று உண்டு என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் தந்தது தேனும் வினாகிரியும் புதினாவும் போட்டுக் காய்ச்சிய ஒரு பாணி. போத்தலில் என்னென்ன எவ்வளவு என்றும் காய்ச்சிய திகதியும் எழுதி ஒட்டியிருந்தது. என் தொழில் கண்ணுக்கு அது பிடித்துக்கொண்டது.

பிறகு, "வேறு மருந்து ஏதாவது? தூள், லேகியம், ஊரிலிருந்து வந்தது?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இனி மறைத்து என்ன? வேலைத்தலத்தில் நான் உடுப்பு மாற்றுகிற அலுமாரியில், சப்பாத்துக்குப் பின்னால், ஒரு சின்ன டப்பா இருந்தது. உள்ளே சாம்பல் நிறத் தூள். இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து, சூரிக் பக்கம் ஒரு தமிழர் வீட்டு வரவேற்பறையில் இருந்து நாடி பார்க்கிற ஒருவரிடம் வாங்கியது. பற்பம் என்றார். உலோகத்தைப் புடம் போட்டுச் சாம்பலாக்கியதாம், அதன் விஷமெல்லாம் நெருப்போடு போய்விடுமாம். உலோகம் என்று அந்த மனுஷன் தன் வாயாலேயே சொன்னார். ஈயம் தேடிச் சம்பளம் வாங்குகிற நான் பக்தியோடு தலையாட்டினேன். காலையில் தேனில் குழைத்து, நாற்பத்தெட்டு நாள். அது முடியத் திரும்பவும் ஒரு நாற்பத்தெட்டு நாள்.

எதற்கு என்றால் ஆண்மைக்கு. எழுதிவிட்டேன். ஐம்பது தாண்டிய பிறகு படுக்கையில் நான் பழைய ஆள் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். கலாவிடம் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. குடும்ப வைத்தியரிடம் கேட்டால் பரிசோதித்த குளிசை எழுதித் தருவார், எங்களைப் போன்றவர்கள் கையெழுத்து வைத்து அனுப்புகிற குளிசைதான். ஆனால் அந்தத் துண்டுச்சீட்டை மருந்தகத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் பகுதி மருந்தகத்தில் வெள்ளைக் கோட் போட்டு நிற்பது என் மகள் அபி. வேறு மருந்தகத்துக்குப் போகலாம், போனாலும் காப்புறுதிக் கடிதம் வீட்டுக்குத்தான் வரும், அதை உடைத்துப் பார்ப்பதும் அபிதான். அதனால்தான் முன்பின் தெரியாத ஒருவரிடம் போனேன்.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மருந்து என்றால் மருந்தகத்தில் பெட்டியோடு வாங்குவது. ஊரிலிருந்து வருகிற தூளும் எண்ணெயும் லேகியமும் எங்கள் கணக்கில் மருந்தே இல்லை, அது சும்மா நம்முடைய சாமான். என் பொய்க்கு இந்தப் பழக்கம் நல்லாக ஒத்தாசை செய்தது.

இரண்டாம் தரம் போனபோதும் மஹ்நாஸ் அதையே கேட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. மூன்றாம் தரம் போனபோது சின்ன டோர்ச் லைட் எடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என் கையில் ஒரு கண்ணாடியைத் தந்து கீழ் ஈறைக் காட்டினார். பல் தொடங்குகிற இடத்தில், பென்சிலால் கீறியது போல, கருநீலமாக ஒரு கோடு. அவர் முகம் மாறிவிட்டது.

"இதற்கு என் அறையில் மருந்து இல்லை. இது பக்கத்து அறை டொக்டரின் வேலை. இன்றைக்கே இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார்.

மூன்றாவது தரமும் கேட்டார். எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், நான் கேட்காத கதை இல்லை, எங்கள் ஊரிலும் ஆண்கள் சொல்வதில்லை என்றார். அப்போது அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு முகம் சுட்டது. என்னைப் பொய்யன் என்கிறீர்களோ என்று சத்தம் போட்டேன். வைத்தியரிடம் தானே சொல்லட்டுமா என்று அனுமதி கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். ஒரு துண்டில் எழுதி மடித்துத் தந்தார். வைத்தியரின் கதவைத் தாண்டி நடந்து வந்து, ட்ராம் நிறுத்தத்தில் அந்தத் துண்டைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வினாகிரியும் தேனும் கலக்கிறவ எனக்கு ஈயத்தைப் பற்றிப் படிப்பிக்க வந்திட்டா என்று எனக்குள் ஒரு திமிர். தூளை அன்றோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது, குறையில் விடக்கூடாது என்று முடித்தேன்.

முடித்து இரண்டு நாளில் வேலைத்தலத்தில் தராசுக்கு முன்னால் மடிந்து விழுந்தேன். வலது கை மணிக்கட்டு சொன்ன சொல் கேட்கவில்லை, தொங்கியது. அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அபி மருந்தகத்திலிருந்து வெள்ளைக் கோட்டோடேயே ஓடிவந்தாள். இருபத்தாறு வயது, இங்கே பிறந்த பிள்ளை, ஆஸ்பத்திரி ஆட்களோடு அவர்களுடைய சுவிஸ் ஜேர்மனிலேயே கதைப்பாள். அவசரப் பிரிவு டொக்டர் மருந்தோ மூலிகையோ எடுக்கிறீர்களா என்று கேட்க, நான் இல்லை என்றேன். அபி குறுக்கிட்டு, இவர் ஒரு ஈரான்காரியிடம் போகிறவர், அவர் கொடுக்கிற எதையோ குடிக்கிறவர் என்று சொன்னாள். டொக்டர் எழுதிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலியால் மூடுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஆறு நாள் தேடினார்கள். வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். இரத்தம் குறைந்திருக்கிறது, எங்கேயோ உள்ளே கசிகிறதோ என்று, ஒரு புளிப்புத் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடிக்கவைத்து குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் முழுவதும் சிறுநீரை வெளிச்சம் படாத கபில நிறப் போத்தலில் சேர்க்கச் சொன்னார்கள். இரத்தத்தின் சிவப்பு நிறத்தை உடம்பு ஒழுங்காகச் செய்யாத ஒரு பரம்பரை வருத்தம் இருக்கிறதாம், அதுவும் இப்படித்தான் வயிற்றைப் பிழியுமாம். புற்றுநோய் என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கானுக்கு வெளியே கதிரையில் காத்திருக்கிறபோது எனக்கு அந்த ஒரு சொல்தான் ஓடியது. ட்ராம் நிறுத்தத்தில் குப்பையோடு போன அந்தத் துண்டு அதற்குப் பின்னால் ஓடியது. சொல்லிவிடு என்று மனம் சொல்லும். கதவைத் திறந்து கலா வருவாள், வாய் மூடிக்கொள்ளும்.

கலா காலை வேலை முடித்து இரண்டு ட்ராம் மாறி வருவாள். பிளாஸ்கில் பால்கஞ்சி. எனக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை என்று தானே ஊட்டுவாள். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார் என்று நான் வெட்கப்பட்டால், "பாக்கட்டும், அந்தாளுக்கும் வேணுமெண்டால் குடுப்பம்" என்பாள். ஒரு நாள் என் கால் நகத்தைக்கூட வெட்டிவிட்டாள். இப்படிப்பட்ட மனுஷிக்கு ஒளித்து ஒரு டப்பா வைத்திருந்தேன்.

ஏழாம் நாள் காலை வார்ட்டின் இளம் டொக்டர் ஒரு தாளோடு வந்தார். ஆய்வுகூடத்தில் ஒரு பெண் என் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, சிவப்பு அணுக்களுக்குள் நீலப் பொட்டுப் பொட்டாக இருந்ததைக் கண்டிருக்கிறார். மெஷின் சொல்லவில்லை, அவர் கண்தான் சொல்லியது. அதற்குப் பிறகு ஈயம் பார்த்திருக்கிறார்கள். நிறைய இருந்தது. ஈயம் இரத்தம் ஊறுவதைத் தடுக்கும், குடலின் நரம்பையும் கை நரம்பையும் கெடுக்கும், எலும்புக்குள் போய் இருந்துவிட்டு வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும் என்று விளக்கினார். இதெல்லாம் நான் புதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடம். முதல் தரம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவதான்" என்றாள் அபி. "அந்த அன்ரிதான் தந்தவ. மருந்து எண்டு பேர் வைச்சு ஆக்களைக் கொல்லுகினம்."

எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதம், காப்புறுதி, வரி, வதிவிட அனுமதி எல்லாம் அபி பத்து வயதிலிருந்து பார்க்கிறாள். இங்கே பல தமிழ் வீடுகளில் இதுதான் நடைமுறை. அவள் எழுதுவாள், ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுவாள், நான் கையெழுத்து வைப்பேன். மறுநாள் இரண்டு கடிதத்தோடு வந்தாள். ஒன்று குடும்ப வைத்தியருக்கு, மற்றது கன்டோனின், அதாவது எங்கள் மாநிலத்தின், சுகாதார அலுவலகத்துக்கு. கட்டிலடியில் நின்று வாசித்தாள். நல்ல கடிதம். ஒரு பிழை இல்லை, உண்மையைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. என் மணிக்கட்டு இன்னும் சரிவர நிற்கவில்லை. கலா தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள். நான் கையெழுத்து வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று என்னை நானே எத்தனை தரம் கேட்டிருப்பேன். சுத்தமான பதில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் எனக்காகக் கோபப்பட்டது எனக்குச் சுகமாக இருந்தது. மஹ்நாஸ் யாரோ, தமிழ்ச் சனத்துக்கு அவரைத் தெரியாது, அவர் கடையில் வந்து என்னைப் பற்றிக் கதைக்க மாட்டார். இதுதான் என் கேவலமான கணக்கு. இரண்டு நாளில் குடும்ப வைத்தியர் அபிக்குத் தொலைபேசி எடுத்து, அந்த அறையைப் பூட்டிவிட்டதாகவும், விசாரணை முடியும்வரை மஹ்நாஸ் ஒருவரையும் பார்க்கக் கூடாது என்று அலுவலகம் சொல்லிவிட்டதாகவும் அறிவித்தார். அபி எனக்கு வெற்றிச் செய்தி மாதிரிச் சொன்னாள்.

சிகிச்சை என்பது ஒரு வில்லைதான். அதன் போத்தலைத் திறந்தால் கூழ்முட்டை மணக்கும். அது உடம்புக்குள் போய் ஈயத்தை நண்டு மாதிரிக் கவ்விக்கொண்டு சிறுநீரில் வெளியே இறங்கும். நாலைந்து நாளில் வயிறு பிழிவது குறைந்தது. வாயில் காசு ருசி போகத் தொடங்கியது. அந்த நேரம் டொக்டர் இன்னொன்று சொன்னார். ஈயம் வீட்டுக்குள் எங்கேயாவது இருந்தால் மற்றவர்களுக்கும் ஏறியிருக்கலாம், மனைவியும் மகளும் இரத்தம் கொடுக்க வேண்டும்.

கலாவுக்கு மெல்லிய நரம்பு. மூன்று தரம் குத்தித்தான் எடுத்தார்கள். முழங்கை மடிப்பில் நீலமாகக் கண்டிப்போயிருந்தது. நோகுதோ என்று கேட்டேன். "உங்களுக்கு எத்தினை ஊசி போட்டிருப்பினம், இது என்ன" என்று சட்டைக் கையை இழுத்து மூடினாள். ஒரு ஈயமும் இல்லாத அந்த இரத்தத்தை என் வாய் திறக்காததால் எடுத்தார்கள்.

அடுத்த நாள் காலை டொக்டர்கள் வரிசையாக வந்துபோன பிறகு, அந்த இளம் டொக்டரைத் திரும்பக் கூப்பிட்டுத் திரையை இழுக்கச் சொன்னேன். சொன்னேன். எவ்வளவு, எத்தனை நாள், தூள் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார், சிரிக்கவில்லை. டப்பா என் வேலை அலுமாரியிலிருந்து வந்து பரிசோதனைக்குப் போனது. முடிவை நான் சொல்லத் தேவையில்லை. மஹ்நாஸ் தந்த பாணிப் போத்தலில் ஈயம் ஒன்றும் இல்லை என்று முதலே முடிவு வந்துவிட்டதாம். ஈறில் கோட்டை முதலில் கண்டது அவர்தான் என்பதையும் சொன்னேன். டொக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

"நாங்கள் எல்லாரும் கேள்வி கேட்டோம். அவர் வாயையும் திறந்து பார்த்திருக்கிறார்" என்றார். "உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் கையெழுத்து வைத்த கடிதத்தை என்னால் திருப்பி எடுக்க முடியாது."

இதற்குப் பிறகாவது திருந்தினேன் என்று நினைப்பீர்கள். வீட்டுக்கு வந்து மூன்று கிழமை சும்மா இருந்தேன். ஈயம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் தேடுகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். மஹ்நாஸின் போத்தலில் ஈயம் இல்லை என்று கேள்விப்பட்டதும், போத்தலை மாற்றிப் பரிசோதித்திருப்பார்கள் என்று அபி அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுத வெளிக்கிட்டாள். அப்போதுதான் பயந்துபோய், பூக்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, மஹ்நாஸ் வேலை செய்கிற பராமரிப்பு நிலைய வாசலில் போய் நின்றேன். தனியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டால் போதும், அவரே எதையாவது பார்த்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை.

நீலச் சீருடையோடு வெளியே வந்தார். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பூவை வாங்கவில்லை. தூளை நிறுத்திவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு நடைபாதையிலேயே வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். கோடு மங்குகிறது என்றார். "எங்கள் பாரசீகப் பழைய நூல்களிலும் ஈயம் இருக்கிறது, பாதரசம் இருக்கிறது, எந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்கக் கூடாது என்று படிக்கத்தான் எனக்கு அத்தனை வருடம் எடுத்தது" என்றார். குரல் நடுங்கியது, அது கோபம். எனக்கு அழுகை வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"உங்கள் மன்னிப்பை நான் எந்த அலுவலகத்தில் காட்டுவது?" என்று கேட்டார் மஹ்நாஸ். "எனக்குக் கடிதம் வேண்டும்."

இரண்டு பின்னேரம் நானே எழுதிப் பார்த்தேன். ஆய்வுகூட ஜேர்மன் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இந்தக் கடிதத்துக்கு ஒரு வசனம் நேராக வரவில்லை. எப்படி எழுதினாலும் பதில் வீட்டுக்குத்தான் வரும், அபிதான் உடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைச் சமையலறை மேசைக்குக் கூப்பிட்டேன். கலா அடுப்படியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கடிதம் எழுத வேண்டும், முதல் எழுதியது பிழை, நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன். அபி மடிக்கணினியைத் திறந்தாள்.

அந்தத் தூளை எங்கே வாங்கினேன், எத்தனை நாள் தின்றேன், மஹ்நாஸ் தந்த துண்டைக் கிழித்தது எல்லாம் சொன்னேன். அவள் தட்டிக்கொண்டே போனாள், முகம் சிவந்து சிவந்து வந்தது. பிறகு கையை நிறுத்தினாள்.

"எதுக்கு எடுத்தனீங்கள் எண்டு எழுதோணுமப்பா. காரணம் இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

தமிழில் அந்தச் சொல்லை என் மகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜேர்மனில் சொன்னேன், படிவத்தில் இருக்கிற சொல் போல. அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

"அந்த அன்ரி எத்தினை தரம் கேட்டவ?" என்றாள்.

"மூண்டு தரம்."

அதையும் எழுதினாள். முதல் கடிதத்தை எழுதியதும் தான்தான் என்று தன்னுடைய பெயரையும் கீழே போட்டாள், நான் தடுத்தும் கேட்கவில்லை. அந்தக் கடிதம் போய் மஹ்நாஸுக்கு அறை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒரு பின்னேரம்தான். மற்றப் பின்னேரத்தை அதற்கிடையில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவரிடம் வந்துகொண்டிருந்த சிலர் திரும்ப வரவே இல்லை. அது என் கடிதத்தால் திருத்த முடியாத பகுதி.

கடிதம் எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அபி அதை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தாள். அந்தச் சொல்லையும் வாசித்தாள். கலா அடுப்பை நிற்பாட்டினாள். அவளுக்கும் ஜேர்மன் நல்லாக விளங்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"இருபத்தெட்டு வருஷத்திலை நான் உங்களிட்டை ஒரு நாளாவது குறை சொன்னனானே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்ப ஆரோ ஒருத்தனிட்டைப் போய்க் கேட்டதை என்னட்டை ஏன் கேக்கேல்லை? எனக்கும் வயது போகுதுதானே. எனக்கு அதிலை என்ன மனசு எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. அபி எழும்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கல்யாணம் கட்டி இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, அன்றைக்குத்தான் நானும் கலாவும் அதைப் பற்றி முதன்முதலாகக் கதைத்தோம்.